கூட வந்தவங்க யாரு?

பல் ஆஸ்பத்திரி நாற்காலிக்கு இடது பக்கம் நின்றே முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் நான். அதே நாற்காலியில் நோயாளியாகப் படுத்தது போன ஆனி மாதம்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, இரண்டு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டு, மூன்றாம் நாள் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போனேன். இப்போது அதை ஒரு சின்ன வயசு டாக்டர் நடத்துகிறார். உதவிக்கு இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி, நான் ரிட்டயர் ஆவதற்கு முன் என்னிடமே வேலை பழகிய பவானி. என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் எஸ்தரக்கா, பயப்படாதீங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வசனம் எனக்கே திரும்பி வந்தது. ஊசி இறங்கியபோதுதான் தெரிந்தது, இத்தனை வருடம் ஊருக்கே புளுகியிருக்கிறேன் என்று. எறும்புதான், ஆனால் கட்டெறும்பு.

ரூட் கெனால் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டலாம் என்று இப்போது அந்தச் சின்ன டாக்டர் என்னைக் கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் பழைய டாக்டரம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் டாக்டரம்மா ஆஸ்பத்திரி வைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் கற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச்சில் ஒருவர் சொல்லிச் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு மாதம் சாமான்களைக் கொதிக்க வைப்பதும், பஞ்சு உருட்டுவதும், எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுவதும்தான் வேலை. மூன்றாம் மாதம், டாக்டரம்மா கை நீட்டினால் எந்தச் சாமான் என்று கேட்காமலே கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். படிப்பு அவ்வளவுதான்.

டாக்டரம்மா குள்ளம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்வார். அதிகம் பேசமாட்டார். ஆனால் 'வலிக்காது' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "வலிக்கும். எப்ப வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும்னு முன்னாடியே சொல்றேன்" என்பார். ஒருமுறை எங்களிடம் சொன்னார்: "பொய் சொன்னா இன்னிக்கு வாயைத் திறப்பான். அடுத்த வாட்டி திறக்கமாட்டான்." எறும்புக் கதை என் சொந்தச் சரக்கு. அவர் காதில் விழாமல்தான் சொல்வேன்.

நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள். வேலூர்க்காரரான டாக்டரம்மாவுக்குத் தெலுங்கில் தெரிந்தது இரண்டே வார்த்தை. "நொப்பி உந்தா?" என்று கேட்பார். வலி இருக்கிறதா என்று அர்த்தம். அவர்கள் சந்தோஷத்தில் மடமடவென்று தெலுங்கில் கொட்டுவார்கள். டாக்டரம்மா எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

வேலையை ஆரம்பிக்குமுன் ஒரு பேச்சு உண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன்." சொன்னபடியே நிறுத்துவார். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வலி இல்லாமலே, சோதித்துப் பார்க்கவே கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். எண்ணினேன், பதினோரு தடவை. பதினோரு தடவையும் டாக்டரம்மா மிஷினை நிறுத்தி, முகம் சுளிக்காமல் காத்திருந்தார். பன்னிரண்டாவது தடவை கை எழவில்லை. அவர் தூங்கிப்போயிருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ரூட் கெனால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'நரம்பு எடுக்கிறது' என்பார்கள். நரம்பை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயம் வேறு. அதனால் டாக்டரம்மா எல்லாவற்றையும் காட்டுவார். ஈரம் சொட்டும் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதுதான் உங்க பல்லு. ரெண்டு கால் இருக்கு. காலுக்குள்ள ஓட்டை. ஓட்டைக்குள்ள இருக்கிறது அழுகிப்போச்சு. அதைத்தான் எடுக்கப்போறேன். கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்பார். ஜனங்கள் ஜாதகம் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பார்கள்.

முதல் நாள் ஊசி போட்டு, மரத்தபின் பல்லின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை எடுப்பார். பிறகு ஊசி மாதிரி மெல்லிய ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ரப்பர் வளையம். வேர் எவ்வளவு நீளமோ, ஸ்டீல் ஸ்கேலில் வைத்து வளையத்தை அந்த இடத்துக்குத் தள்ளிக் கொடுப்பது என் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் டாக்டரம்மா கையை மறுபடி நீட்டுவார். திட்டமாட்டார். நீட்டிய கை அப்படியே இருக்கும், நான் சரிசெய்து கொடுக்கும்வரை. ஃபைல் போட்டுத் தேய்ப்பதும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுமாக முக்கால் மணி நேரம் போகும். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். கடைசியில் கிராம்புத் தைல வாசனையோடு ஒரு தற்காலிக அடைப்பு. எட்டாம் நாள் வந்தால் மறுபடி கழுவிப் பார்த்து, சுத்தமாக இருந்தால் ரோஸ் நிற ரப்பர் குச்சியால் வேரை நிரந்தரமாக அடைத்து, பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு உறை போடுவார். இப்போது மோட்டார் வந்துவிட்டது, நீளத்தை மிஷினே 'பீப்' என்று சொல்லிவிடுகிறது, பல பேருக்கு ஒரே நாளில் முடிந்தும் விடுகிறது. சீழ் வைத்த பல்லுக்கு மட்டும் இன்றைக்கும் இரண்டு தடவை வரச் சொல்கிறார்கள்.

இந்த வைத்தியத்தில் ஒரு வம்பு உண்டு. முதல் நாளே வலி போய்விடும். வலி போனால் ஜனங்களும் போய்விடுவார்கள். ஆனால் முடிந்திருப்பது பாதி வேலைதான். தற்காலிக அடைப்பு தேய்ந்து, உள்ளே எச்சில் இறங்கி, சத்தம் போடாமல் மறுபடி சீழ் பிடிக்கும். அதனால் டாக்டரம்மா எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொருவரும் நாற்காலியை விட்டு இறங்கியதும் நான் வாசலுக்குப் போய், "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியதை அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். "வாய் மரத்தவனுக்குக் காதும் கேக்காது எஸ்தர். அவன் பயத்துலயே இருப்பான். கூட வந்தவங்க கிட்ட சொல்லு" என்பார். சொல்ல வேண்டியது ஒரே வரி. 'வலி இல்லன்னாலும் வரணும்.'

அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டது தாமோதரன் விஷயத்தில்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தாமோதரன் பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். ஆனி மாதக் கிருத்திகை அன்று முருகன் மலைக்கு வந்தவர், கடைவாய்ப் பல் வலியோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மொட்டைத் தலையும் சந்தனமுமாக வெளியே கூட்டம் நிரம்பி வழிந்தது. வேலை முடிந்து வாசலுக்கு வந்து, "கூட வந்தவங்க யாரு?" என்றேன். யாரும் எழவில்லை. அவர் மனைவி பஸ்ஸில் இடம் போடப் போயிருந்தாள். கிருத்திகை அன்று ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ எறிந்து இடம் பிடிக்காவிட்டால் ஊர்வரைக்கும் நின்றுகொண்டேதான் போக வேண்டும். தாமோதரன் ஒரு பக்கம் கோணிய வாயோடு, "சரியாப்பூடுமாக்கா?" என்றார். பஸ் ஹார்ன் கேட்டது. எனக்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியில் ஏறிவிட்டார். தேதி எழுதிய சீட்டைத் தாமோதரன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "எல்லாம் முருகன் பாத்துப்பாரு, போய்ட்டு வாங்க" என்றேன். மலைக்கு வந்தவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது. நான் ஜெபம் பண்ணுவது வேறு சாமியிடம், எனக்கு என்ன வந்தது? ஆனாலும் சொன்னேன்.

எட்டாம் நாள் அவர் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் பரணி. ஊரே மஞ்சளாக இருந்தது. மத்தியானம் தாமோதரனை அவர் மனைவி மல்லிகா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. வலது கன்னம் பன் மாதிரி வீங்கி, கண்ணே பாதி மூடியிருந்தது.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, "எச்சில் முழுங்குங்க" என்றார். முழுங்கினார், கஷ்டப்பட்டு. வாயில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தார். இரண்டு. தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

"இன்னும் கழுத்துக்கு இறங்கல. இறங்கினா மூச்சையே அடைக்கும். ஏன் அன்னிக்கு வரல?"

"வலிதான் போய்ச்சேம்மா" என்றார் தாமோதரன். "வலி போனா ஆடிக் கிருத்திகைக்கு கன்னத்துல அலகு குத்திக்கினு மலை ஏறுறேன்னு வேண்டிக்கினேன். அன்னிக்கே வலி போச்சு. இந்தக்கா கூட சொன்னாங்களே, முருகன் பாத்துப்பாருன்னு. அதே மாரி பாத்துக்கினாரு. நாளிக்கு குத்தணும். வீக்கத்துக்கு மட்டும் ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்கம்மா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "கூட வந்தவங்க கிட்ட சொன்னியா எஸ்தர்?"

"இல்லம்மா" என்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"இந்தக் கன்னத்துல நாளைக்குக் கம்பி ஏறினா சீழ் எங்கெங்க போகும்னு எனக்கே தெரியாது" என்று தாமோதரனிடம் சொன்னார். "உயிருக்கே ஆபத்து."

"சாமிக்குக் குடுத்த வாக்கும்மா." அவர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். ஊசி போடமாட்டீர்கள் என்றால் போகிறேன் என்பது போல செருப்பைத் தேடினார். மல்லிகா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், "நீ சொன்னதை நீயே போய்ச் சரி பண்ணு" என்றார்.

இரண்டு பேரையும் வெளி பெஞ்சில் உட்கார வைத்தேன். வேண்டுதலைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அந்த ஆள் இப்படியே எழுந்து போய் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், காரணம் நான்தான். அதை நினைத்தபோது வெட்கமெல்லாம் போய்விட்டது.

"தம்பி, நான் கிறிஸ்டியன். உங்க சாமி பேரைச் சொல்லி நான் வாயத் திறந்திருக்கக் கூடாது. திறந்துட்டேன். அன்னிக்கு நான் சொல்லவேண்டியது வேற. வலி இல்லன்னாலும் எட்டாம் நாள் வரணும், பாதி வேலைதான் முடிஞ்சிருக்குன்னு சொல்லணும். அதுக்குத்தான் எனக்கு இந்த வேலையே. பஸ்ஸு அவசரத்துல சொல்லாம வுட்டுட்டேன். தப்பு உங்க மேல இல்ல, சாமி மேலயும் இல்ல. என் மேல."

மல்லிகாதான் கேட்டாள். "பாதி வேலைதான் ஆயிருக்கா?"

"ஆங், பாதிதான்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? பாதிதான் குணமாயிருக்கு. அப்ப வேண்டுதலும் பாதிதானே? பாதிக்குப் பூக்காவடி எடு. மீதி குணமாச்சுன்னா மீதிய அப்பறம் பாத்துக்கலாம். முருகன் இன்னா கோர்ட்டு அமீனாவா, நாளிக்கே வந்து ஜப்தி பண்றதுக்கு?"

வீங்காத பக்கத்தால் தாமோதரன் சிரித்தார். சிரித்தது வலித்திருக்க வேண்டும், உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய்த் தானாகவே நாற்காலியில் ஏறினார்.

சீழ் இருக்கிற இடத்தில் மரக்கும் மருந்து சரியாகப் பிடிக்காது. டாக்டரம்மா அதையும் சொன்னார். "இன்னிக்கு வலிக்கும். பத்து எண்ற வரைக்கும் ரொம்ப வலிக்கும். எஸ்தர் எண்ணுவா." பழைய அடைப்பு தேய்ந்து பாதிதான் மிச்சமிருந்தது. அதை எடுத்து ஃபைலை விட்டதும் சீழ் பொங்கி வந்தது. நாற்றம் அறை முழுக்க. நான் ஒரு கையால் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அவர் இடது கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. தூக்கவே இல்லை. ஏழு எண்ணும்போது பிடி தளர்ந்தது. அழுத்தம் இறங்கிவிட்டால் அப்படித்தான், பல வாரத்துப் பாரம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. என் கண்ணிலிருந்தும்தான், ஆனால் எனக்கு மாஸ்க் இருந்தது.

மறுநாள் பூக்காவடியோடு அவர் எங்கள் தெரு வழியாகப் போனார். மல்லிகா வேண்டுமென்றே அந்த வழியாகக் கூட்டி வந்தாள். பம்பைச் சத்தம் கேட்டு டாக்டரம்மா தெருவுக்கு இறங்கி வந்து கையைக் காட்டினார். பம்பை நின்றது. தோளில் காவடியோடு நின்றவரை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "முழுங்குங்க" என்றார். சுற்றி நின்ற ஜனம் மொத்தமும் அவர் முழுங்குவதைப் பார்த்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். பம்பை மறுபடி அடித்தது.

அதன் பிறகு நான்கு தடவை வந்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பல் நின்றுவிட்டது, தொப்பியும் போட்டாயிற்று. மீதி வேண்டுதல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அடுத்த வருடமும் பூக்காவடிதான். 'பல்லு இன்னும் முழுசா குணமாவல' என்று மல்லிகா சொல்லிவிட்டாளாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து கூட வந்தவர்கள் இல்லாமல் யாரையும் நான் வெளியே விட்டதில்லை. பஸ்ஸில் இடம் போட்டிருந்தால் போய்க் கூட்டி வரச் சொல்வேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். 'திருப்பிச் சொல்லு அக்கா' என்றே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. டாக்டரம்மா காதுக்கும் அது போய், ஒருநாள் அவரே அப்படிக் கூப்பிட்டார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அந்த மரப்பலகை இன்னும் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது.

இத்தனை தெரிந்தவள் போன ஆனி மாதம் என்ன செய்தாள் தெரியுமா? தனியாகப் போனாள். "கூட யாரும் வரலியாக்கா?" என்று பவானி கேட்டதற்கு, "எனக்கு எதுக்குடி?" என்றேன். "ஆமா, உங்களுக்குத் தெரியாததா" என்று அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அன்று சாயந்திரமே வலி போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் போனில் மெசேஜ் வந்தது. படித்தேன். முழங்கால் வலிக்கிறது, நாளைக்குப் போகலாம் என்று வைத்துவிட்டேன். மறுநாள் சர்ச்சில் பெண்கள் கூட்டம். அதற்கடுத்த வாரம் மழை. அடைப்பு தேயும், எச்சில் இறங்கும், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, வலிக்கவில்லையே.

ஆடிக் கிருத்திகை வந்தது. வழக்கம்போல மலையிலிருந்து இறங்கியதும் தாமோதரன் என் வீட்டுக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். மல்லிகாவுக்கு இப்போதெல்லாம் படி ஏற முடிவதில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் பஞ்சாமிர்தத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"இன்னாக்கா, ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

சொன்னேன். ரூட் கெனால், சீழ், கட்டெறும்பு எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது வாட்டி போனீங்களா?"

"போகணும்."

"எப்ப வரச் சொன்னாங்க?"

"போன மாசம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க" என்றார்.

"கிருத்திகைக் கூட்டம் தாமோதரா. இன்னொரு நாள்..."

"வாங்கக்கா."

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் பவானியைத்தான் ஒரு பார்வை பார்த்தார். அடைப்பு ஒரு ஓரமாக விட்டுப்போயிருந்தது, உள்ளே மறுபடி ஈரம். இன்னும் ஒரு தடவை கழுவித்தான் மூட முடியும் என்றார். எல்லாம் முடிந்து நான் கோணிய வாயோடு இறங்கியபோது, பவானி எனக்கு முன்னால் வாசலுக்குப் போய் நின்றாள்.

"எஸ்தரக்கா கூட வந்தவங்க யாரு?"

பெஞ்சு முழுக்க மொட்டைத் தலைகள். அதில் ஒரு தலை எழுந்தது. "நான்தாம்மா."

"வலி இல்லன்னாலும் திங்கக்கிழமை வரணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க."

தாமோதரன் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார். "வலி இல்லன்னாலும் திங்கக்கிழமை வரணும். நானே பஸ் ஏறி வந்து கூட்டிக்கினு வரேம்மா. இந்தக்காவ நம்ப முடியாது."